ஐம்பத்தைந்து புளியங்கொட்டைகள்

5

இந்தக் கதை ஒரு படிவ நகலின் பின்பக்கத்தில் ஆரம்பித்தது. முன்பக்கத்தில் நான் செய்த தப்பு இருக்கிறது, என் கையெழுத்திலேயே. மாணவர் பெயர்: தமிழ்நிலா. வகுப்பு: மூன்று. குறிப்பு: "எண்களைப் பற்றிய புரிதல் இல்லை. தாவி எண்ணத் தெரியவில்லை." குறிப்பு எழுத நான்கு வரி விட்டிருந்தார்கள். எனக்கு இரண்டே போதுமானதாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை முடித்துக்கட்ட இரண்டு வரி.

எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு. எனக்குப் பசி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டு வரியைத் திரும்ப எடுக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். இந்தக் கதையில் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பெயர், குறை உள்ள பிள்ளைகள் என்று போன பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டும். வேறு எதற்காவது காத்திருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பிள்ளைகளுக்காக உருகி ஓடுகிற ஆசிரியை யாரும் இதில் இல்லை. கோபக்காரி ஒருத்தி இருக்கிறாள். எழுதுகிறவளே அவள்தான்.

பகுதிகளுக்கு ஐந்தைந்தாக எண் போட்டிருக்கிறேன். நடுவில் நாலு காணோமே என்று தேடாதீர்கள். மூன்றாம் வகுப்பில் அந்த மாதம் தாவி எண்ணும் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் தாவுங்கள்.

10

முதல் ஆரம்பம்: "காலைச் சூரியனில் மரக்காணத்து உப்புப் பாத்திகள் ஆயிரம் கண்ணாடிகளாக —"

நிறுத்திவிட்டேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் எழுதுகிற வாக்கியம் அது. நானும் பஸ் ஜன்னலில் போகிறவள்தான். அதனால்தான் அது முதலில் வந்தது.

இரண்டாம் ஆரம்பம்: "என் பெயர் நாஜியா. கோட்டக்குப்பம். அத்தா பஷீர் அஹமது ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் பத்தொன்பது வருஷம் வெங்காயம் உரித்து என்னை பி.எஸ்சி. கணிதம் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள் —"

இதுவும் வேண்டாம். வெங்காயம் உரித்தது நிஜம்தான். ஆனால் என்னை முன்னால் நிறுத்தினால் தமிழ்நிலா பின்னால் போய்விடுவாள். ஏற்கெனவே ஒரு தடவை நான் அவளைப் பின்னால் தள்ளியாயிற்று. என்னைப் பற்றித் தேவையானது இவ்வளவுதான்: மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஏழேகால் பஸ். கீழ்புத்துப்பட்டு தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். உப்பளத்தை நான் சாலையிலிருந்து மட்டும் பார்த்தவள். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

[வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டாள்: "கணக்குல டிகிரி வாங்கிட்டு, அஞ்சு பத்து பதினஞ்சு சொல்லிக் குடுக்கவா போற?" கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் துணி காயப்போடப் போய்விட்டாள். இந்தக் கதையில் அம்மாவுக்கு இதோடு வேலை முடிந்தது.]

மூன்றாம் ஆரம்பம்: "ஐம்பத்தைந்து புளியங்கொட்டை."

இது நிற்கும்.

15

ஐம்பத்தைந்து புளியங்கொட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டப்பா. எல்லா டப்பாவிலும் அதே ஐம்பத்தைந்து. நானே எண்ணிப் போட்டது. அஞ்சஞ்சாகப் பிரித்து, தாவி எண்ணி, மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும்.

"அம்பத்தஞ்சு மிஸ்."

"அம்பத்தஞ்சு."

"மிஸ், எனக்கும் அம்பத்தஞ்சு. இவன் என்னைப் பாத்து எழுதிட்டான்."

"அம்பது," என்றாள் தமிழ்நிலா.

திரும்ப எண்ணச் சொன்னேன். அம்பது. என் முன்னால் எண்ணச் சொன்னேன். அம்பது.

"மிச்சம் அஞ்சு கொட்டை எங்க போச்சு?"

"எங்கயும் போவல மிஸ். இங்கதான் இருக்குது." முழங்காலுக்குப் பக்கத்தில் ஐந்து கொட்டை தனியாக, ஒழுங்காக, ஒரே வரிசையில் இருந்தது.

"ஏன் ஒளிச்சு வெச்ச?"

"ஒளிக்கல. தள்ளி வெச்சேன்."

"ஏன் தள்ளி வெச்ச?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். "பரிதாபமாக —" இல்லை. "மிரண்டு —" இல்லவே இல்லை. தெரிந்த விஷயத்தை ஏன் கேட்கிறீர்கள் என்கிற பார்வை. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வராண்டாவில் சாக்பீஸால் ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை கட்டம் போட்டேன். அஞ்சஞ்சாகக் குதிக்க வேண்டும். தமிழ்நிலா ஐந்தில் குதித்தாள். பத்தில் குதித்தாள். பிறகு ஒரே ஒரு கட்டம், பதினொன்றில், இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். உதடு மட்டும் ஏதோ அசைந்தது. அங்கிருந்து ஒரு பெரிய குதி. பதினாறில் நின்றுகொண்டு "பதினஞ்சு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

20

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மேலே எழுதியதைப் படித்தால் தமிழ்நிலா ஏதோ வாயில்லாப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். அப்படியில்லை. பக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கிள்ளுவாள். பல்பம் தின்பாள். முட்டை போடும் நாளில் சமையல்கார அம்மாவிடம் "எனக்கு உடைஞ்சது வேணாம், முழுசு குடு" என்று நின்று வாங்குவாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் கதை எனக்குச் சாதகமாகப் போய்விடும். படிவம் எழுதிய அதே வாரம் திங்கட்கிழமை அவள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நாளைக்குக் கறுப்பு ஸ்கார்ஃப்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பச்ச, நீலம், கறுப்பு, மெரூன். அப்புறம் மறுபடி பச்ச. உங்களுக்கு நாலுதான். நமக்கு ஸ்கூல் அஞ்சு நாளு. அதனால போன திங்கக்கெழம பச்ச, இந்தத் திங்கக்கெழம நீலம், அடுத்த திங்கக்கெழம கறுப்பு."

"போய் உக்காரு. மத்தவங்க துணியப் பாக்குறதுதான் உனக்கு வேலையா?"

நாலை அஞ்சுக்குள் விட்டால் வாரத்துக்கு ஒன்று நகரும். இதைத்தான் நான் காலேஜில் இரண்டாம் வருஷம் வேறு பெயரில் படித்துப் பரீட்சை எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளை என் தலையைப் பார்த்தே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நான் செய்தது: மறுநாள், கறுப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, "எண்களைப் பற்றிய புரிதல் இல்லை" என்று எழுதினேன்.

[கதை எழுதுகிறவர்கள் கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது வழக்கம் என்கிறார்கள். நான் சந்தேகித்திருக்க வேண்டிய ஆள் வேறு.]

25

பட்டியல் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு இந்தப் பெண் இவ்வளவு குதிக்கிறாள் என்று நினைப்பீர்கள்.

தலைமை ஆசிரியர் தட்சணாமூர்த்தி சார் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அதற்காக எழுத முடியாது. அவர் அன்று மதியம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா நாஜியா, கத்துக்குறதுல குறை இருக்குற பிள்ளைங்க லிஸ்ட் கேக்குறாங்க. ஃபார்ம்ல அஞ்சு கட்டம் இருக்குது. நாலு பேர்தான் கெடச்சாங்க. உன் கிளாஸ்ல ஒண்ணு இருக்குமா பாரேன்" என்றார்.

ஐந்து கட்டம் இருந்தது. அதனால் ஐந்து பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நான் ஐந்தாவதைக் கொடுத்தேன்.

பட்டியலில் போன பிள்ளை வாரத்துக்கு ஒரு நாள் வேறு ஒரு மையத்துக்குப் போக வேண்டும். அது பரவாயில்லை. உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், மற்ற நாலு பேரில் மூன்று பேருக்கு அது வேண்டும். ஆனால் வருகைப் பதிவேட்டில் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி விழும். அடுத்த வருஷ டீச்சர் பேரைப் பார்க்குமுன் குறியைப் பார்ப்பார். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனாலும் அது கூடவே போகும். அவளிடம் யாரும் கஷ்டமான கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வியே கேட்கப்படாமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு வரை போய்விடலாம். எங்கள் தெருவில் அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து பட்டியலில் இருக்கும் பிள்ளைகளைத் தானே சோதித்துப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பெயர் உறுதி.

ஆக, எனக்கு ஒன்பது நாள் இருந்தது. அது தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வைத்தது ரேணுகா.

30

ரேணுகா தமிழ்நிலாவின் அம்மா. வெள்ளிக்கிழமை காலை ப்ரேயர் முடிவதற்குள் வந்து வாசலில் நின்றார். நைட்டிமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார்.

"என் பொண்ணு பேரு ஏதோ லிஸ்ட்ல குடுத்திருக்கீங்களாமே மிஸ்."

"அது வந்துங்க, கொஞ்சம் கூடுதல் கவனம் குடுக்குறதுக்கு —"

"அவளுக்கு என்னா கொற?"

"கணக்கு வரல. எண்ணத் தெரியல."

ரேணுகா சிரித்துவிட்டார். கோபத்தோடு வந்தவர் சிரித்ததில் எனக்குத்தான் கோபம் வந்தது.

"யாருக்கு? நிலாவுக்கா? லீவு நாள்ல அவளை வூட்ல தனியா வுட முடியாதுன்னு உப்புக் களத்துக்கு இட்டாந்து நெழல்ல உக்கார வெப்பேன். மேஸ்திரி பஞ்சநாதன் அண்ணன்தான் கூடை எண்ணுவாரு. பீடி பத்த வெக்கிற கேப்புல அவரு ஒண்ணு வுட்டுட்டா, 'மாமா, முப்பத்தேழு'ன்னு இவதான் அங்கேர்ந்து சொல்லுவா. இதுவரிக்கும் ஒரு நாளும் தப்பானதில்ல. நீங்க என்னா மிஸ், புளியங்கொட்டைய வெச்சிக்கினு எண்ணத் தெரியலன்றீங்க."

"வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சொன்னேன். அந்த வாக்கியத்தை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ரேணுகா துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். "நாளைக்கு சனிக்கெழம. ஆறரைக்கு வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

35

போனேன். நான் தப்பு என்று நிரூபிக்கப் போகவில்லை. அவர் தப்பு என்று நிரூபிக்கத்தான் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

உப்பளத்தில் ஆறரை மணிக்கே கண் கூசுகிறது. நீண்ட கழியில் பலகை மாட்டி ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வரப்போரம் இழுத்துப் போடுகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு வழியாக நடந்து, மேட்டில் குவிக்கிறார்கள். முந்தின நாள் சாரல் அடித்திருந்தது. கூடையிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக ஒழுகி எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது.

மேட்டில் ஒரு குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பஞ்சநாதன். பக்கத்தில் ஓலைத் தட்டியின் நிழலில் தமிழ்நிலா. என்னைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு, "மிஸ், இன்னிக்கு ஸ்கூல் இல்ல, அதனால ஸ்கார்ஃப் கணக்குல வராது," என்றாள்.

ரேணுகா கூடையைக் கவிழ்த்தார்.

"ஏழு," என்றார் பஞ்சநாதன்.

வேறு வேலை இல்லாததால் நானும் ரேணுகாவின் கூடைகளை எண்ண ஆரம்பித்தேன். எட்டு. ஒன்பது. பத்து. பத்தானதும் பஞ்சநாதன் கூலி அட்டையில் ஒரு கோடு போட்டார். ரேணுகா அடுத்த கூடையோடு வந்து கவிழ்த்தார்.

"சொட்டு," என்றார் பஞ்சநாதன். கோடு இல்லை.

அதற்கடுத்த கூடை.

"பதினொண்ணு."

எனக்கு முதலில் காதில் ஏதோ தப்பு என்று தோன்றியது. இன்னொரு பத்து வரை நின்றேன். இருபது. கோடு. அடுத்த கூடை: "சொட்டு." அதற்கடுத்தது: "இருவத்தொண்ணு."

"அண்ணே, சொட்டுன்னா என்னா?"

"உப்பு ஈரமா வருது இல்லம்மா. குவிச்சா தண்ணி சொட்டிச் சொட்டி வத்திப்பூடும். பத்து கூடை கொட்டுனா பத்து நிக்காது. அதுக்காக பத்துக்கு ஒண்ணு சேத்துக் கொட்டணும். அது எண்ணிக்கைல வராது. எங்க அப்பா எண்ணுறப்பவும் அப்படித்தான்." சொல்லிக்கொண்டே அடுத்த கூடையை எண்ணினார். மனுஷன் எதையும் மறைக்கவில்லை.

நான் தமிழ்நிலாவைப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு பத்துக்குப் பிறகும் ஒரு கல்லைத் தள்ளி, முழங்காலுக்குப் பக்கத்தில், ஒழுங்காக, ஒரே வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

40

"நிலா, இங்க வா. மாமா இருவதுன்னு கோடு போட்டு, சொட்டையும் கொட்டிட்டா, அம்மா தூக்கினது எத்தனை?"

"இருவத்திரெண்டு."

"அம்பதுன்னா?"

"அம்பத்தஞ்சு."

"தொண்ணூறு?"

"தொண்ணூத்தொம்பது மிஸ். நூறுன்னா நூத்திப் பத்து. ஏன் கேக்குறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பதினொன்றாம் வாய்ப்பாடு இல்லை. இவள் உட்கார்ந்து எண்ணியதெல்லாம் பதினொன்று பதினொன்றாக. வாயில் மட்டும் பத்துகளின் பெயர். சாக்பீஸ் கட்டத்தில் பதினொன்றில் கால் சேர்த்து நின்றபோது அவள் உதடு சொன்னது "சொட்டு".

என் டப்பாவில் சரியாக ஐம்பத்தைந்து கொட்டை. ஐந்து பத்து, ஐந்து சொட்டு. அவள் அம்பது என்று சொன்னது கணக்குத் தெரியாததால் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கணக்கில் அதுதான் விடை. நான் விடையைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

[இந்த இடத்தில் "என் கண்கள் கலங்கின" என்று ஒரு வாக்கியம் வர வேண்டும். கலங்கவில்லை.]

சரி, இது சுலபம் என்று நினைத்தேன். ஒரே வரியில் சரிசெய்துவிடலாம்.

"நிலா, ஸ்கூல்ல சொட்டு கெடையாது. புளியங்கொட்டையில தண்ணி சொட்டாது இல்ல?"

அவள் யோசித்தாள். நியாயம் என்பது மாதிரி தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"அப்ப சித்திரையில?"

"சித்திரையில என்னா?"

"சித்திரையில உப்பு காஞ்சி போயி மாவு மாதிரி இருக்கும் மிஸ். கையில ஒட்டவே ஒட்டாது. அப்பவும் மாமா சொட்டு சொல்லுவாரு."

பஞ்சநாதனுக்கு அது கேட்டிருக்கும். அவர் "நாப்பத்தி மூணு" என்றார், கொஞ்சம் சத்தமாக.

45

இங்கே கதை என் கையை விட்டுப் போகப் பார்த்தது. எனக்கு ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவளுக்குச் சொட்டை எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் அவள் அதை எங்கே வைத்துச் சொல்லுவாள்?

ரேணுகா என்னைவிட வேகமாக அங்கே போய்விட்டார். வேலை முடிந்து பம்ப்செட் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மிஸ், ஸ்கூல்ல ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரின்னு சொல்லிக் குடுத்துடுங்க. அவ புரிஞ்சிக்குவா."

"அது எப்படிங்க? எண்ணுறது ஒண்ணுதானே. பதினொண்ணுன்னா எங்க இருந்தாலும் பதினொண்ணுதான்."

"உங்களுக்குப் பதினொண்ணு. இங்க அதைச் சொன்னா, நாளான்னிக்கு வேலைக்கு ஆள் கூப்புடறப்போ என் பேரை வுட்டுட்டுக் கூப்புடுவாரு. வேற ஒண்ணும் பண்ண மாட்டாரு. பேரை வுட்டுடுவாரு."

"எத்தனை வருஷமா இதைச் சும்மா —"

"நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க மிஸ்."

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள் ஏழு. எல்லாவற்றிலும் நான் நன்றாகப் பேசியிருந்தேன். அங்கே செய்தது: மணி பார்த்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

முடிவுகளை அப்போதிருந்தே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவு அ: எல்லாப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ரேணுகா எப்போது மனசு மாறினார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் நான் மறுபடி படிவம் நிரப்புகிறேன் என்று அர்த்தம்.

முடிவு ஆ: தமிழ்நிலா இரண்டு கணக்கையும் சமர்த்தாகக் கற்றுக்கொள்கிறாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பட்டியலிலிருந்து பெயர் போகிறது, ரேணுகாவுக்கு வேலை இருக்கிறது, எனக்கு நல்ல பெயர். யாருக்கும் சேதமில்லை. இதை எழுதி முடித்துப் படித்தபோது பேப்பரைக் கசக்கிவிட்டேன். நான் வளர்ந்ததே அந்த முடிவில்தான். வீட்டில் ஒரு பேச்சு, காலேஜில் ஒரு பேச்சு, இன்டர்வியூவில் ஒரு பேச்சு. எல்லா இடத்திலும் பாஸ். எங்கேயும் வாயைத் திறந்து பதினொன்று என்று சொன்னதில்லை.

50

புதன்கிழமை பாடத்தில் நான் வகுப்புக்குச் சொன்னது ஒரே வரி: "எண்ணுறப்போ உங்க கை எதையெல்லாம் தொட்டுதோ, அதுக்கெல்லாம் ஒரு நம்பர் உண்டு."

தமிழ்நிலா கை தூக்கினாள். "எல்லா எடத்துலயுமா மிஸ்?"

ரேணுகாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"எல்லா எடத்துலயும்," என்றேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறுமுன் ரேணுகா வீட்டுக்குப் போய் நான் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமல், "சொல்லிட்டீங்க இல்ல, கெளம்புங்க, பஸ் போயிடும்," என்றார்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். சொந்தமாக மணிகள் கொண்டுவந்திருந்தார். ஐம்பத்தைந்து வேண்டும் என்று நான் கேட்டு வாங்கி எண்ணிக் கொடுத்தேன். தட்சணாமூர்த்தி சார் கதவோரம் நின்றார்.

தமிழ்நிலா தாவினாள். "அஞ்சு. பத்து." விரல் அடுத்த மணிக்குப் போய் அங்கேயே நின்றது. மேடத்தின் பேனா படிவத்தை நோக்கி இறங்கியது. நான் சுவரைப் பார்த்தேன். உதவி செய்யக் கூடாது.

விரல் அந்த மணியைத் தள்ளி வைக்கவில்லை. இழுத்து அடுத்த நாலோடு சேர்த்தது. "பதினஞ்சு." ஒவ்வொரு பத்திலும் ஒரு நொடி நின்று, நின்று, கடைசி வரை போனாள்.

"அம்பத்தஞ்சு. மேஸ்திரி மாமா கணக்குன்னா அம்பது."

"அது என்ன மேஸ்திரி கணக்கு?" என்றார் மேடம். தமிழ்நிலா விளக்கினாள். பத்துக்குப் பதினொன்று, நூறுக்கு நூற்றுப்பத்து, சித்திரை உட்பட. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணை யாருங்க லிஸ்ட்ல எழுதினது?" என்றார்.

"நான்தான் மேடம்."

அந்தக் கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது எனக்கே ஆச்சரியம். பெயரை நானே அடித்தேன். நீலப் பேனா. பக்கத்தில் கையெழுத்து.

மேடம் போனதும் தட்சணாமூர்த்தி சார் படிவத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, அஞ்சாவது கட்டம் காலியாயிடுச்சே."

"என் பேரைப் போட்டுக்குங்க சார். குறிப்பு நானே எழுதித் தர்றேன். ரெண்டு வரி போதும்."

"உனக்கு எப்பப் பாரு வெளையாட்டு," என்றார். ஆனால் கட்டத்தைக் காலியாகவே அனுப்பினார். மனுஷன் பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு கட்டத்தைக் காலியாக அனுப்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதல் பகுதியில் நான் சொன்ன வேலை இங்கே முடிந்தது. பெயர் வெளியே வந்துவிட்டது. பத்து பகுதி. கோடு போட்டுவிட்டு எழுந்து போகலாம்.

( )

இன்று சனிக்கிழமை. நான் பஸ் ஏறவில்லை. ஏறவில்லை என்றால், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு வரப்பின் மேல் நிற்கிறேன். காலையிலிருந்து. செருப்புக்குள் உப்புத் தண்ணீர் போய் விரலிடுக்கு எரிகிறது.

குடைக்குக் கீழே பஞ்சநாதன். தட்டி நிழலில் தமிழ்நிலா. இன்று கல் வரிசை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அவளை வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாம் ரேணுகா. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். கூட்டிக்கொண்டுதான் வந்தார்.

"ஒம்பது," என்றார் பஞ்சநாதன்.

"பத்து." கோடு.

ரேணுகா அடுத்த கூடையைத் தூக்கி, வரப்பு வழியாக, என்னைத் தாண்டி மேட்டுக்குப் போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை. பஞ்சநாதன் வாயைத் திறக்கிறார். தமிழ்நிலா கட்டியிருந்த கையை எடுத்து, அவளும் வாயைத் திறக்கிறாள். பின்னால் வரிசையில் வருகிற பெண்கள் வரப்பில் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். முன்னால் இருப்பவர் நகரவில்லை என்றால் வரப்பில் வேறு வழி இல்லை.

ரேணுகா கூடையைக் கவிழ்க்கவில்லை.

தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நாற்காலியைப் பார்த்தபடி. எண் சொன்ன பிறகுதான் கொட்டுவேன் என்று வாயால் சொல்லவில்லை. நிற்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த வரி எனக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் வாய் திறந்திருக்கிறது. சொட்டா, பதினொண்ணா, எது முதலில் வரும் என்று நான் எழுதினால் திங்கட்கிழமை ஆள் கூப்பிடும்போது ரேணுகாவின் பெயருக்கு நான் பொறுப்பேற்க முடியாது. எழுதாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு "எல்லா எடத்துலயும்" என்று சொன்னதற்குப் பொறுப்பேற்க முடியாது. அதனால் மேலே அடைப்புக்குறியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஐந்தில் ஆரம்பித்து இதுவரை ஒவ்வொரு பகுதியாகத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள். இந்தப் பகுதியையும் நீங்கள்தான் தூக்கினீர்கள். இதற்கு ஒரு எண் உண்டா, இல்லை இது கணக்கில் வராததா என்று நீங்களே சொல்ல வேண்டும்.

பேனா எடுங்கள். அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

கூடை கனக்கிறது. சீக்கிரம்.